மெர்சி அறிந்த இரண்டு இறந்தகாலங்கள்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் மெர்சியின் பெயருக்கு நேரே பிறந்த ஆண்டு, திருமுழுக்குப் பெற்ற ஆலயம், திருமணம், பணி ஆகியவை முறையாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குக் கீழே, வேறெந்த உறவினர் பெயருக்கு நேரேயும் இல்லாத ஒரு குறிப்பு உண்டு: ‘ஸ்பானிய மொழி அறிந்தவர்.’ நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வரை அது அவர் ஒருவருக்கே உரியதாக இருந்தது. பின்பு அதையே இன்னொரு பெயருக்கு நேரேயும் எழுத வேண்டி வந்தது. அந்தப் பெயர் பெல்சி. மெர்சியின் கணவர் சகாய ஆண்டனியுடைய தம்பி மனைவி. இவ்விருவருக்கும் இடையே நடந்ததை இந்த ஆண்டுக் குடும்ப மலரில் எழுதலாமா என்று மெர்சியிடம் அனுமதி கேட்டேன். அவர் தந்த பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

மெர்சி என் சின்னம்மா மகள். தாயை இழந்தபின், சிறு வயதிலேயே காரைக்குடி செக்காலைப் பகுதியில் கன்னியர் மடம் நடத்திய பெண்கள் விடுதியில் சேர்க்கப்பட்டார். விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் பிலார். ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், நவார்ரா மலைப்புறத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இளம் வயதில் வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். பிள்ளைகளுக்கு அவர் பிலாரம்மா. பிள்ளைகளிடம் தமிழும், அதிகாரிகளிடம் ஆங்கிலமும் பேசிய அவர், தம் தாய்மொழியைக் கோழிகளிடம் மட்டுமே பேசினார். விடுதியின் பின்புறம் ஒரு கோழிக்கூடு இருந்தது. விடியற்காலையில் அவர் தவிடு போடும்போது சட்டியை ஏந்தி நின்றவர் மெர்சி. ஸ்பானிய மொழி அவர் காதில் முதலில் விழுந்த இடம் அதுதான்.

ஒரு நாள் சட்டிக்குள் தலையை நுழைத்த பெட்டைக்கோழி ஒன்றை மெர்சி பிலாரம்மாவின் சொற்களாலேயே விரட்டினார். பிலாரம்மா திரும்பிப் பார்த்தார். அன்று மாலை, அட்டை கிழிந்த இலக்கண நூல் ஒன்று மெர்சியின் படுக்கைமேல் கிடந்தது. பாராட்டாக அவர் பெற்றது அவ்வளவுதான். அந்த நூலை இன்றும் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

பள்ளி முடித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, அதே மடத்தின் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்த பிறகும் மெர்சி பிலாரம்மாவின் வலக்கையாகவே இருந்தார். ஸ்பெயினிலிருந்து உதவி அனுப்பியோருக்கு ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவது அவர் பொறுப்பு. வெளிநாட்டு விருந்தினர் வந்தால், அருகிலுள்ள கண்டனூரின் செட்டிநாட்டு மாளிகைகளைச் சுற்றிக் காட்டி அவர்கள் மொழியிலேயே விளக்குபவரும் அவரே. ‘மெர்சி டீச்சர் அவுக பாசையிலேயே பேசுவாக’ என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் தெரிந்த நிறைவை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

இனி அந்த மொழியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஸ்பானிய மொழியில் பெரிதும் புழங்கும் இறந்தகாலம் இரண்டு. ஒன்று, நடந்து முடிந்த செயலைச் சொல்வது. மற்றொன்று, அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்ததையோ, வழக்கமாக நடந்துவந்ததையோ சொல்வது. மழை பெய்து ஓய்ந்தது என்றால் ‘யோவியோ’ என்பார்கள். பெய்துகொண்டிருந்தது என்றால் ‘யோவியா’. மழை ஒன்றுதான். சொல்பவர் அது விட்டபின் வெளியே நின்று சொல்கிறாரா, நனைந்துகொண்டே சொல்கிறாரா என்பதில்தான் வேறுபாடு. மெர்சி இவற்றுக்கு ‘முடிந்தது’, ‘ஓடுவது’ என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்டார். இரண்டின் விதிகளையும் மனப்பாடமாக அறிந்திருந்தார். ஆனால் அவர் கைக்குப் பழகியது முடிந்தது மட்டுமே.

அதற்குக் காரணம் அறிக்கைகள். தொடக்கத்தில் ஒருமுறை, ‘விடுதிக்குக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தோம்’ என்று அவர் எழுதிவிட்டார். ஏன் இன்னும் முடியவில்லை, வேலை எதனால் நின்றது என்று அங்கிருந்து கேள்விக்குமேல் கேள்வி வந்தது. கிணற்றில் தண்ணீரே ஊறியிருந்த நேரம் அது. பிலாரம்மா மெர்சியை அழைத்துச் சொன்னார்: “உதவி செய்கிறவர்களுக்கு முடிந்ததை மட்டும் சொல். வெட்டினோம், கட்டினோம், கொடுத்தோம். வேறு எதுவும் வேண்டாம்.” மெர்சி அதை வேதவாக்காகக் கொண்டார். ஆண்டுக்கு ஆண்டு வெட்டினோம், கட்டினோம், கொடுத்தோம் என்றே எழுதி எழுதி, அவர் ஸ்பானிய மொழி முழுவதுமே நன்கொடையாளர்களுக்கு எழுதும் அறிக்கையாகிவிட்டது. அதைக் குறையென்று எடுத்துச் சொல்ல ஊரில் எவரும் இல்லை, பெல்சி வரும்வரை.

பெல்சி சிவகங்கைப் பக்கத்தைச் சேர்ந்தவர். கன்னியராகச் சேர்ந்து, பயிற்சிக்காக மாட்ரிட் நகருக்கு அனுப்பப்பட்டு, மூன்று ஆண்டுகள் அங்கிருந்தபின் துறவற வாழ்வுக்கான வார்த்தைப்பாடு கொடுக்காமல் திரும்பிவந்தவர். அப்படித் திரும்பும் பெண்ணைப் பற்றி நம்மவர்கள் என்னென்ன பேசுவார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. சகாய ஆண்டனியின் தம்பி அருண் ஜோசப் அந்தப் பேச்சையெல்லாம் பொருட்படுத்தாமல் 1995-இல் அவரை மணந்தார். மூத்த மருமகளும் இளைய மருமகளும் ஒரே வீட்டில் ஒரே அடுக்களையில் புழங்கினார்கள். உறவினர்கள் விருந்துக்குக் கூடிய முதல் நாளில், மெர்சி முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டு ஸ்பானிய மொழியில் நலம் விசாரித்தார். பெல்சி முகம் மலர்ந்து, கைகளை ஆட்டி ஆட்டி, மூச்சு விடாமல் பதில் சொன்னார். மெர்சிக்கு அதில் பாதிதான் புரிந்தது. பந்தியிலிருந்த அனைவரும் அதைக் கவனித்தார்கள்.

மாமியார் வியாகுலம்மாள் மட்டும் வாய்விட்டே சொன்னார்: “ஏத்தா, ரெண்டு பேரும் அந்தப் பாசையில பேசிக்கிட்டா எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. பேசாம மொறச்சுக்கிட்டு இருந்தீகன்னா நல்லா வெளங்குது.”

அடுத்த ஆண்டு பிலாரம்மாவைப் பக்கவாதம் தாக்கியது. படுக்கையில் விழுந்த அவரிடமிருந்து ஆங்கிலம் முதலில் போயிற்று. பிறகு தமிழும் போயிற்று. பிறந்த மொழி மட்டும் எஞ்சியது. இனிமேல் அவரோடு பேசுவதற்கு நான் ஒருத்திதான் என்று, பெல்சியைக் கணக்கில் சேர்க்காமல், மெர்சி எண்ணினார். துயரத்தினூடே அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. நாள்தோறும் பள்ளி விட்டதும் நொய்க்கஞ்சி எடுத்துக்கொண்டு போனார். பிலாரம்மா அவரைப் பார்த்ததும் கேட்பவை எல்லாம் வேலை பற்றியவை: ஓடு மாற்றியாயிற்றா, அறிக்கை போயிற்றா, பிள்ளைகளுக்குத் தலையில் பேன் பார்த்தார்களா? மெர்சி வரிசையாகப் பதில் சொல்வார். பிலாரம்மா கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு மாலை மெர்சி கஞ்சியோடு மடத்துத் தாழ்வாரத்தில் வரும்போது அறைக்குள்ளிருந்து சிரிப்பொலி கேட்டது. பெல்சியின் குரலோடு சேர்ந்து இன்னொரு குரலும் சிரித்தது. அந்த இரண்டாவது குரல் யாருடையது என்று மெர்சிக்கு உடனே பிடிபடவில்லை. பிலாரம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. அறைக்குள் போகாமல் கஞ்சியை வாசலில் இருந்த மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

இரவு பாத்திரம் துலக்கும்போது கேட்டார்: “அப்படி என்னத்தச் சொல்லிச் சிரிச்சிக ரெண்டு பேரும்?”

“ஐயோ அக்கா, அத உங்ககிட்டச் சொல்ல முடியாது. மாட்ரிட்ல பஸ் ஓட்டுறவுக திட்டுற வார்த்தை. ரொம்பக் கெட்ட வார்த்தை.”

“படுக்கையில கெடக்குற சிஸ்டர்கிட்டப் போயிக் கெட்ட வார்த்தையா?”

“அவுகதான் கேட்டாக. இன்னொண்ணு சொல்லு, இன்னொண்ணு சொல்லுன்னு விடல. அவுக அண்ணன்மார் மாட்டத் திட்டுறதும் இதே வார்த்தைதானாம். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.”

இத்தனை ஆண்டுகளில் அந்த மொழியில் ஒரு கெட்ட வார்த்தைகூடத் தமக்குத் தெரியாமல் போனதை அன்று இரவு மெர்சி தம் கணவரிடம் ஒரு புகாரைப் போலச் சொன்னார். “தெரியாம இருக்கிறது நல்லதுதான?” என்றார் சகாய ஆண்டனி. அவருக்கு அதற்குமேல் விளங்கவில்லை.

1997 பிப்ரவரியில் பிலாரம்மா இறந்தார். அந்த நேரம் அறையில் இருந்தவர் மெர்சி. ஆனாலும், தாம் இல்லாத மாலை வேளைகளில் அங்கே என்னென்ன சிரிப்பு இருந்ததோ என்ற நினைப்பு அவரை விடவில்லை.

அடுத்த ஆண்டு நினைவுத் திருப்பலிக்கும் கல்லறைக் கல்லை மந்திரித்து ஆசீர்வதிப்பதற்கும் ஸ்பெயினிலிருந்து பிலாரம்மாவின் தம்பி ஃபெர்மீன் வருவதாகச் செய்தி வந்தது. உடன்பிறந்தோரில் எஞ்சியவர் அவர் ஒருவரே. அவருக்குத் தம் தாய்மொழி தவிர வேறு எதுவும் தெரியாது. தம் அக்காள் இங்கே எப்படி வாழ்ந்தார் என்று கேட்டறிவதற்காகவே வருகிறார். மடத்துத் தலைவி இருவரையும் அழைத்துப் பேசினார்.

“டீச்சர், நீங்க தமிழ்ல சொல்லுங்க. பெல்சி அவருக்கு ஸ்பானிஷ்ல சொல்லட்டும். சரியா இருக்கும்.”

“எனக்கு நாக்கு இருக்கு சிஸ்டர்,” என்றார் மெர்சி. “பிலாரம்மா சொல்லிக் குடுத்த நாக்கு. நானே பேசுறேன். நான் பேசுற எடத்துல வேற ஆரும் குறுக்க பேசக் கூடாது.”

பெல்சி தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

மெர்சிக்கு அது ஒரு மேடைப்பேச்சு மட்டுமன்று. பிலாரம்மாவின் சொந்த ரத்தத்தின் முன்னால், பிலாரம்மாவைப் பற்றிப் பேசும் வாய் எவருடையதோ அவரே பிலாரம்மாவின் பிள்ளை. அதுவும் பெல்சிக்குப் போய்விட்டால், தவிட்டுச் சட்டி ஏந்தி நின்ற காலமெல்லாம் எதற்கு?

அவர் உரையை எழுதி, அடுக்களையில் நின்று உரக்கப் படித்துப் பழகினார். பெல்சி அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, தப்பா நெனைக்காதீக. எல்லாமே முடிஞ்சுபோன மாதிரி இருக்கு.”

“முடிஞ்சுதான போச்சு? செத்துத்தான போனாக?”

“அது இல்லக்கா. நாம பேசுறப்ப, ‘அப்பல்லாம் வருவாக, கோழிக்குத் தவிடு போடுவாக, எங்களத் திட்டுவாக’ன்னு சொல்லுறமே, அந்த மாதிரி. நீங்க ‘ஓடுவது’ன்னு சொல்லுவீகளே, அதுல சொன்னாத்தான் ஆளு கண்ணு முன்னாடி நிக்கும். இது கவர்மெண்டு ஆபீசுக்கு எழுதுன மாதிரி இருக்கு.”

மெர்சி தாளை மடித்தார். அவருக்கு அது உண்மை என்று பட்டது. பட்டதனாலேயே வாய் கடுமையாயிற்று.

“வார்த்தைப்பாடு குடுக்காமப் பாதியில ஓடியாந்தவளுக்கு, எது முடிஞ்சது, எது முடியலன்னு எப்படித் தெரியும்?”

பெல்சி வாழைப்பூவின் அடுத்த மடலை உரித்தார்.

“அதனாலதான்க்கா எனக்கு ஓடுறது நல்லா வருது,” என்றார் பெல்சி, தலை நிமிராமல்.

உரையில் ஒரு சொல்லையும் மெர்சி மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அது பெல்சியின் உரையாகியிருக்கும்.

1998 பிப்ரவரியில் திருப்பலியும் மந்திரிப்பும் முடிந்து எல்லாரும் பள்ளி மண்டபத்தில் கூடினார்கள். ஃபெர்மீன் தடித்த விரல்களையுடைய கிழ விவசாயி. கம்பளித் தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டு முன்வரிசையில் வியர்வையோடு அமர்ந்திருந்தார். விடுதிப் பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். பெல்சி கடைசி வரிசையில், தூண் ஓரமாக. மெர்சி புதுக் கண்டாங்கிச் சேலை உடுத்தி மேடையேறினார். பிலாரம்மா வந்தார், விடுதி தொடங்கினார், கிணறு வெட்டினார், தையல் வகுப்பு நடத்தினார், கோழி வளர்த்தார், நோயுற்றார், இறந்தார். பிழையே இல்லாத மொழி. ஃபெர்மீன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மரியாதையாகத் தலையசைத்தார். முடிந்ததும் கைதட்டினார். பின்பு எழுந்து நின்று, சிறிது தயங்கி, ஒரு கேள்வி கேட்டார்.

“காலை நேரத்தில் அவள் என்ன செய்வாள்?”

உலகத்தில் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் மெர்சி ஒருவரே. அவர் மகிழ்ச்சியோடு தொடங்கினார். எழுந்தார் என்றார். செபித்தார் என்றார். கோழிகளுக்குத் தவிடு போட்டார் என்றார். ஃபெர்மீன் காத்திருந்தார். ஏதோ ஒரு குறிப்பிட்ட நாளின் காலையைப் பற்றி இந்த ஆசிரியை சொல்லத் தொடங்குகிறார், அன்று ஏதோ நடந்திருக்கிறது என்று எண்ணிவிட்டார்.

“எந்தக் காலை?” என்று கேட்டார். “அன்று என்ன ஆயிற்று?”

மெர்சிக்கு எங்கே தவறினோம் என்று புரிந்தது. விதியும் தெரியும், சொற்களும் தெரியும். வாயில் வந்து நின்றதோ மீண்டும் வெட்டினோம், கட்டினோம், கொடுத்தோம். அத்தனை காலைகளும் ஒரே ஒரு காலையாகச் சுருங்கிக் கிழவர் முன்னால் கிடந்தன. மெர்சி கடைசி வரிசையைப் பார்த்தார். பெல்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சொன்ன சொல்லைக் காத்து அமர்ந்திருந்தார். ‘அவ்வளவுதான், நன்றி’ என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கிவிட மெர்சியால் முடிந்திருக்கும். கிழவரும் ஊருக்குத் திரும்பியிருப்பார்.

“பெல்சி,” என்றார் மெர்சி. “இங்குட்டு வா.”

பெல்சி நடந்து வந்து மேடைக்குக் கீழே நின்றார். “நான் பேசக் கூடாதுன்னு சொன்னீகளேக்கா?”

“நீ ஒண்ணும் பேச வேணாம். நான்தான் பேசுறேன். நீ சொல்லு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். மெர்சி தமிழில் சொல்லத் தொடங்கினார். பிலாரம்மா விடியுமுன் எழுந்து வருவார்; தூங்கும் பிள்ளைகளின் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுப்பார்; விடுமுறை முடிந்து வந்தவர்களின் தலையை முகர்ந்து பார்த்து, வீட்டில் எண்ணெய் வைத்துவிட்டார்களா என்று அறிவார்; பால் இல்லாக் கட்டங்காப்பியில் முறுக்கை நனைத்துத் தின்பார்; ஒரு கையில் செபமாலை உருட்டிக்கொண்டே மறு கையால் தவிடு வீசுவார்; கோழிகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவார். ஒவ்வொன்றையும் பெல்சி அந்த ஓடும் காலத்தில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கிழவர் தொப்பியைக் கசக்குவதை நிறுத்தியிருந்தார்.

“என்ன பெயர்?” என்று கேட்டார்.

மெர்சிக்கு இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. “பெனீத்தா. எவுசேபியா. எவுசேபியா மற்றக் கோழிகளைக் கொத்தியது.”

ஃபெர்மீன் உரக்கச் சிரித்தார். “எவுசேபியா எங்கள் அத்தை!” என்றார். “அவளும் கொத்துவாள்!” சிரித்துக்கொண்டே இருந்தவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு எழுந்து வந்து பெல்சியின் இரு கைகளையும் பற்றித் தம் நெற்றியில் வைத்துக்கொண்டார், விடவே இல்லை. அவர் காதில் விழுந்த குரல் பெல்சியுடையதுதானே.

மெர்சி மேடையில் நின்று அதைப் பார்த்தார். ‘கோழி என்னுடையது, காலை என்னுடையது, கட்டைவிரல்கூட என்னுடையது. நெற்றியில் ஒத்திக்கொள்ள மட்டும் அவள் கை’ என்று அந்த நேரத்து நினைப்பைப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மதுரைக்குப் புறப்படும் கார் வேப்ப மரத்தடியில் நின்றது. வழிக்குக் கொடுக்க வைத்திருந்த பலகாரத் தூக்குவாளியை எடுத்துவரப் பெல்சி மடத்து அடுக்களைக்குப் போயிருந்தார். ஃபெர்மீனும் மெர்சியும் தனியே நின்றார்கள். எதையும் சொல்லும் எண்ணம் மெர்சிக்கு இல்லை. ஆனால் சொன்னார், எந்த விதியையும் நினையாமல், முன்கூட்டி அடுக்கிப் பார்க்காமல் சொன்னார்:

“அவளோடு பிலார் சிரிப்பார். என்னோடு வேலை செய்வார்.”

சொல்லி முடித்த பின்புதான், இரண்டு சொற்களும் ஓடும் காலத்தில் சரியாக வந்து விழுந்திருந்தது அவருக்கே தெரிந்தது.

ஃபெர்மீன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவரைக் கூர்ந்து பார்த்தார்.

“வீட்டிலும் அப்படித்தான்,” என்றார். “சிரிப்பெல்லாம் விருந்தாளிகளோடு. என்னோடு அவள் சிரிக்கவே மாட்டாள். தவிட்டுச் சட்டியைப் பிடி என்பாள்.”

அதற்குள் பெல்சி தூக்கோடு விரைந்து வந்தார். “என்னக்கா, பெரியவரு என்னமோ சொன்னாரே?”

“வெயில் கூடுதலா இருக்குதாம்,” என்றார் மெர்சி.

இன்றும் அறிக்கைகளை மெர்சியே எழுதுகிறார், வெட்டினோம், கட்டினோம், கொடுத்தோம் என்றே. வரும் விருந்தினர்களிடம் பெரும்பாலும் பெல்சி பேசுகிறார். அவர் பேசும்போது மெர்சி அருகிலேயே நின்று ஒவ்வொரு சொல்லையும் கவனிக்கிறார். ஒரு பிழை கண்டுபிடித்தால் அன்று இரவுச் சாப்பாடு அவருக்கு நன்றாக இறங்குகிறது என்று வியாகுலம்மாள் சொல்கிறார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டதற்கு மெர்சி தந்த பதில் இது: “எழுதுங்கண்ணே. வேப்ப மரத்தடியில அவரு சொன்னத அவகிட்ட இன்னும் நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். மலர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிறட்டும். ஆனா மலர மொதல்ல எங்கிட்டக் குடுங்க. அவ படிக்கிறப்ப நான் எதுத்தாப்புல உக்காந்து அவ மொகத்தப் பாக்கணும்.”